நீச்சல் குளத்துக்கு 'மருந்து' போடுகிறவர்கள் கவனத்துக்கு

மைசூர் விஜயநகரில் சொந்த வீட்டுக்குள் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. இருக்கிற குளமும் ரோட்டில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. உயரமான காம்பவுண்டு சுவர், இரும்பு கேட், அதற்குள்ளே தென்னை மரம், அதற்கும் பின்னால்தான் குளம்.

குளத்தில் குளிப்பவர் ஒருவர். அதைக் காப்பாற்றுகிறவர் வேறொருவர். அவர் பெரும்பாலும் அந்த வீட்டுத் தோட்டக்காரராகவோ, வாட்ச்மேனாகவோ இருப்பார். செடிக்குத் தண்ணீர் ஊற்றவும், கேட்டைத் திறந்து விடவும் சேர்ந்தவர். சத்தியமங்கலம் மலைப்பாதை வழியாக பஸ் ஏறி வந்த தமிழர்கள் பலர் இப்படிப்பட்ட வேலைகளில் இருக்கிறார்கள். குளத்து வேலை யாரும் கேட்காமலே அவர்கள் தலையில் வந்து விழுகிறது.

ஏப்ரல் மாதம் ஒரு சாயங்காலம் இடியோடு மழை கொட்டும். மறுநாளும் மேகம். அதற்கு அடுத்த நாள் நல்ல வெயில். அன்று காலை வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால், நீலமாக இருந்த தண்ணீர் பச்சையாக இருக்கும். "பாச்சி கட்டிதே, ஔஷதி ஹாகு" என்று கன்னடத்தில் சத்தம் போடுவார். கன்னடத்தில் பாச்சி என்றாலும் தமிழில் பாசி என்றாலும் ஒன்றுதான். "பாசி பிடித்திருக்கிறது, மருந்து போடு" என்கிறார்.

தோட்டக்காரர் பம்பு குழிக்குள் இறங்கி, மூலையில் இருக்கும் டப்பாவைத் தூக்குகிறார். அந்த டப்பாவின் மேல் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறது. ஆனால் அது ஆங்கிலத்தில் இருக்கிறது.

எந்த மருந்தை, எவ்வளவு, எந்த நேரத்தில் போடுவது என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தவறாகப் போட்டால் குளத்துக்கு ஒரு வாரக் கேடு. அவருடைய நுரையீரலுக்கு அது ஆயுள் முழுக்கக் கேடாகலாம்.

ஒரே சரக்கு, பல பெயர்

மருந்து என்று பொதுவாகச் சொல்வது குளோரினைத்தான். 1774-ல் ஸ்வீடன் நாட்டு ஷீலே இதை முதலில் தயாரித்தார். 1810-ல் இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி, இது ஒரு தனிமம் என்று கண்டு பெயர் வைத்தார். இந்த வாயுவைச் சுண்ணாம்பில் ஏற்றிப் பொடியாக்கும் வழிக்கு 1799-ல் ஸ்காட்லாந்தில் டெனன்ட் என்பவர் காப்புரிமை பெற்றார். அதுதான் பிளீச்சிங் பவுடர். துணி வெளுக்கப் பிறந்தது அது. அமெரிக்காவில் ஜெர்ஸி நகரம் 1908-ல் குடிதண்ணீரில் குளோரின் கலக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு உலகமெங்கும் டைபாய்டும் காலராவும் அடங்கத் தொடங்கின. ஏழு வருடம் கழித்து, 1915 ஏப்ரல் 22-ந் தேதி, பெல்ஜியத்தில் ஈப்ரே என்ற ஊர்ப் போர்க்களத்தில் இதே வாயுவைத் திறந்துவிட்டு ஜெர்மன் ராணுவம் ஆட்களைக் கொன்றது. உயிர் காத்ததும் உயிர் எடுத்ததும் ஒரே சரக்குதான்.

உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி காஸ்டிக் சோடா செய்யும்போது குளோரினும் கூடவே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் மேட்டூரிலும், தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்திலும் இந்தத் தொழில் நெடுநாளாக நடந்து வருகிறது. மைசூருக்குக் குடிக்கத் தண்ணீர் தருவதும் காவிரி, கீழே போய் மேட்டூர் அணையை நிரப்புவதும் அதே காவிரி!

நீச்சல் குளத்துக்குக் கடையில் கிடைக்கும் மருந்து நாலு வகை. புதிதாகத் திறந்த பிளீச்சிங் பவுடரில் குளோரின் சத்து மூன்றில் ஒரு பங்கு. எச்.டி.எச். என்று சொல்லும் குருணை மருந்தில் (கால்சியம் ஹைப்போகுளோரைட்) 65 முதல் 70 சதவீதம். கேனில் வரும் திரவத்தில் 10 முதல் 12 சதவீதம். வெள்ளை வில்லை வடிவில் வரும் மாத்திரையில் (டி.சி.சி.ஏ.) 90 சதவீதம்.

பவுடர் மூட்டையைத் திறந்து வைத்தால் சத்து நாளுக்கு நாள் இறங்கிவிடும். போன வருடத்து மூட்டையில் நாலு கை அள்ளிப் போட்டும் பலன் இல்லை என்றால் அதற்கு இதுதான் காரணம். சமயத்தில் வேலைக்காரர் பவுடரைத் திருடி விற்றுவிட்டார் என்று பழிகூட வந்துவிடுகிறது.

எவ்வளவு போட வேண்டும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு. குமாஸ்தா வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபம். தோட்டக்காரர் வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையும் போட்டுவிடலாம்.

20 அடி நீளம், 10 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம் உள்ள குளம் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கினால் 800 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். ஆக மொத்தம் சுமார் 22,600 லிட்டர்.

பத்து லட்சம் பங்கு தண்ணீரில் ஒரு பங்கு குளோரின் இருந்தால் அதை 1 பி.பி.எம். என்கிறார்கள். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் என்று சொன்னாலும் அதுவேதான். இந்தக் குளத்தில் 1 பி.பி.எம். ஏற்ற 22.6 கிராம் குளோரின் தேவை. எச்.டி.எச். என்றால் 35 கிராம். புதுப் பிளீச்சிங் பவுடர் என்றால் 68 கிராம். 10 சதவீதத் திரவம் என்றால் ஏறக்குறைய கால் லிட்டர்.

நீச்சல் குளத்தில் எப்போதும் 1 முதல் 3 பி.பி.எம். வரை குளோரின் இருக்க வேண்டும் என்பது பொது விதி. குழாய்த் தண்ணீரில் 0.2 இருந்தாலே போதும் என்பது இந்தியத் தர அளவு. ஆகவே மாநகராட்சித் தண்ணீர்தானே பிடித்து விட்டோம், அதில் மருந்து இருக்குமே என்று சும்மா இருக்கக் கூடாது. அந்தக் கொஞ்சமும் ஒரு பகல் வெயிலுக்குக் காணாது.

கணக்கு சரியாக இருந்தும் சில குளங்களில் பாசி போகாது. அங்கே பார்க்க வேண்டியது பி.எச். என்ற புளிப்பு - கார அளவு. பி.எச். 7.5 இருந்தால் போட்ட குளோரினில் பாதி வேகமாக வேலை செய்யும். 8-க்கு ஏறிவிட்டால் கால் பங்குதான் வேலை செய்யும். மீதி தண்ணீரில் சோம்பேறியாகக் கிடக்கும். சிமெண்ட் பூச்சு புதிதாக உள்ள குளத்தில் பி.எச். தானாக ஏறும். பாசி வளர்ந்தாலும் ஏறும். 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில் நிறுத்தி வைக்க வேண்டும்.

அளந்து பார்க்க ஒரு சிறிய பெட்டி கிடைக்கிறது. பழைய வகைப் பெட்டியில் சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். புதிய வகையில் இளஞ்சிவப்பாகும். ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். குளோரின் மிக அதிகமாக இருந்தால், இளஞ்சிவப்பு வர வேண்டிய தண்ணீர் வெளுத்துப் போய் நிறமே இல்லாமல் நிற்கும். மருந்தே இல்லை என்று நினைத்து மறுபடியும் கொட்டுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால், குளத்துத் தண்ணீர் ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத நல்ல தண்ணீர் நாலு பங்கு சேர்த்துப் பார்த்து, வருகிற எண்ணை ஐந்தால் பெருக்க வேண்டும்.

மூக்கை நம்பக் கூடாது. "மருந்து வாசனை தூக்குகிறது, கண் எரிகிறது, அதிகமாகப் போட்டுவிட்டாய்" என்று வீட்டு அம்மா கோபிப்பார். உண்மை நேர்மாறானது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் சரக்குதான் அந்த நெடியைக் கிளப்புகிறது, கண்ணையும் எரிக்கிறது. அந்தக் குளத்தில் நல்ல குளோரின் குறைந்துவிட்டது என்று அர்த்தம். குழந்தைகளைக் குளிப்பாட்டிவிட்டுக் குளத்தில் இறக்கினாலே பாதித் தொல்லை தீரும். இதைத் தோட்டக்காரர் வீட்டு அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது தனிப் பிரச்சினை!

மாத்திரையில் உள்ள மர்மம்

வெயில் குளோரினுக்குப் பெரிய எதிரி. மறைப்பு இல்லாத குளத்தில் காலையில் போட்ட மருந்தில் பெரும்பகுதியை இரண்டு மூன்று மணி நேர வெயில் தின்றுவிடும். அதனால் மருந்தைச் சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு போட வேண்டும்.

வெயிலிலிருந்து குளோரினைக் காக்க சயனூரிக் அமிலம் என்ற ஒரு பொருள் இருக்கிறது. குடை பிடிப்பது போல அது காக்கும். தண்ணீரில் 30 முதல் 50 பி.பி.எம். இருந்தால் போதும். மாத்திரை மருந்துக்குள் இந்தப் பொருள் முன்கூட்டியே சேர்ந்திருக்கிறது. மாத்திரை நிதானமாக, நாள் கணக்கில் வேலை செய்கிறது. வேலைக்காரருக்கும் சுகம். மிதக்கும் கூடையில் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்க்கலாம்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பமாகிறது. குளோரின் செலவாகிவிடும். குடை செலவாகாது. தண்ணீர் ஆவியாகப் போனாலும் அது போகாது. நம் கணக்குக் குளத்தில் தினம் 50 கிராம் மாத்திரை கரைந்தால் 2 பி.பி.எம். குளோரின் கிடைக்கும். கூடவே 1.2 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் சேரும். மாதத்துக்கு 36. மைசூரில் மழை அபூர்வமான டிசம்பர் முதல் மார்ச் வரை நாலு மாதத்தில் 144!

குடை அவ்வளவு பெரிதானால் குளோரின் அதற்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சயனூரிக் அமிலத்தின் அளவில் ஏழரை சதவீதமாவது குளோரின் இருந்தால்தான் பாசி வராது என்பது அனுபவக் கணக்கு. 144-க்கு ஏறக்குறைய 11 பி.பி.எம். வேண்டும். பெட்டியில் 3 காட்டுகிறது, எல்லாம் சரி என்று நினைத்திருக்கும்போதே குளம் பச்சையாகிவிடுவது இதனால்தான். தோட்டக்காரர் மேல் தப்பு இல்லை. இன்னும் நாலு மாத்திரை போட்டால் தொல்லை கூடுமே தவிரக் குறையாது.

இதற்கு இருக்கும் வழி, தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதுதான். பாதியை மாற்றினால் 144 என்பது 72 ஆகும். பாதி என்பது 11,300 லிட்டர். 6,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு. வீட்டுக்காரருக்கு இது கசக்கும். மாத்திரையை வெயில் காலத்தில் குறைத்து, பதிலுக்கு எச்.டி.எச். அல்லது திரவம் போட்டு வந்தால் இந்தச் செலவு வராது.

குளத்தை ஒரேயடியாக வறட்டக் கூடாது. மழைக்காலத்தில் நிலத்தடி ஊற்று மேலே நிற்கும்போது காலித் தொட்டியை அடியிலிருந்து தண்ணீர் தூக்கி விரிசல் விடச் செய்யும்.

பம்பு குழி எச்சரிக்கை

இந்தப் பகுதியைத் தமிழ் தெரிந்த ஒருவர், படிக்கத் தெரியாத தோழருக்கு வாசித்துக் காட்டினால் நல்லது.

பி.எச். இறக்குவதற்கு வீட்டில் ஆசிட் கேன் இருக்கும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டும் அதே ஜாதிதான். அந்த ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும், அல்லது ஆசிட்டும் திரவ குளோரினும் ஒரே பக்கெட்டில் சேர்ந்தால், அந்தக் கணமே மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் குளோரின் வாயு கிளம்பும். ஈப்ரேயில் திறந்துவிட்டது அந்த வாயுவைத்தான்.

குளோரின் வாயு காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனம். மேலே போகாமல் தரையோடு படிந்து, பள்ளத்தில் தங்கும். பம்பு குழி ஒரு பள்ளம். இடம் மிச்சம் என்று மருந்து டப்பாக்களையும் ஆசிட் கேனையும் அந்தக் குழிக்குள்ளேயே அடுக்கி வைப்பது பல இடங்களில் வழக்கம். மூடியைத் திறந்து உள்ளே இறங்குகிறவருக்கு ஏறி வர ஒரே ஒரு இரும்பு ஏணிதான்.

இன்னொரு கலப்பும் உண்டு. மாத்திரை போட்ட அதே கூடையில் எச்.டி.எச். குருணையைப் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். இரண்டும் குளோரின்தானே, சேர்ந்தால் என்ன என்று கேட்பது நியாயமாகத் தோன்றும். ஆனால் ஒரு மருந்துக்கு உபயோகித்த மக்கை அடுத்த மருந்துக்கு உபயோகிப்பதே ஆபத்து. ஈரக் கையும் ஆகாது.

தண்ணீரில்தான் மருந்தைப் போட வேண்டும். பக்கெட்டில் மருந்தை வைத்துக்கொண்டு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று போட வேண்டும். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வீட்டுக்காரர் வாங்கித் தர வேண்டியவை. இரண்டும் சேர்ந்து ஒரு டப்பா மாத்திரை விலைகூட ஆகாது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

வாயு கிளம்பிவிட்டால் டப்பாவை மூடப் போகக் கூடாது. குழியை விட்டு ஏறி, காற்று வருகிற திசையில் மேடான இடத்துக்குப் போக வேண்டும். இன்னொருவர் மயங்கிக் கிடக்கிறார் என்று மூச்சுக் கருவி இல்லாமல் உள்ளே இறங்கினால் இரண்டாவது ஆளும் விழுவார். தீயணைப்புப் படையைக் கூப்பிட வேண்டும். கண்ணில் பட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

மூச்சில் ஏறினால் இருமல் சற்று நேரத்தில் நின்றுவிடலாம். சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தால், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் இருமல் நின்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே தீர வேண்டும். என்ன மருந்தோடு என்ன கலந்தது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போவது இன்னும் உத்தமம்.

பச்சைத் தண்ணீரைத் தெளிய வைக்க

பாசிக்கு வேண்டியது வெயில், வெதுவெதுப்பு, கொஞ்சம் எரு. மழைத் தண்ணீர் தோட்டத்து மண்ணையும் உரத்தையும் கழுவிக் குளத்துக்குள் கொண்டுவந்து விடுகிறது. உதிர்ந்த புங்க இலை ஊறுகிறது. கழிவு சேர்ந்தால் ஒரு ஏரியே எப்படிப் பச்சையாகும் என்பதை விஜயநகருக்குக் கிட்டத்தில் இருக்கும் குக்கரஹள்ளி ஏரியிலேயே மைசூர்வாசிகள் பார்த்திருக்கிறார்கள். மும்முடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1864-ல் உண்டான ஏரி அது.

பச்சையான குளத்தில் முதலில் இலை தழையை வலையால் அள்ள வேண்டும். பிறகு பி.எச்.சை 7.2-க்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். ஆசிட் ஊற்றியபின் பம்பை ஓடவிட்டு, குறைந்தது ஒரு மணி நேரமாவது கழித்துத்தான் குளோரின் போட வேண்டும். சயனூரிக் அமிலம் 30 இருந்தால் குளோரினை 12-க்கு ஏற்ற வேண்டும். நம் குளத்துக்கு எச்.டி.எச். சுமார் 420 கிராம். பிளீச்சிங் பவுடர் என்றால் 820 கிராம். பவுடரைத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பக்கெட்டுகளில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். மண்டியைக் கொட்டினால் குளம் பாலாகிவிடும்.

அதன்பிறகு சுவரை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். இது கைவலிக்கிற வேலை. இதற்கு மாற்று கிடையாது. பாசியின் மேல்தோலை உடைத்தால்தான் மருந்து உள்ளே போகும். பம்பு ராத்திரி பகலாக ஓட வேண்டும். மணல் பில்டரில் அழுத்தம் 8 முதல் 10 பவுண்டு கூடினால் பின்னோக்கித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பச்சை முதலில் சாம்பல் வெள்ளையாகும். பாசி செத்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். சாயங்காலம் அளந்த குளோரின் மறுநாள் சூரியோதயத்துக்குள் 1 பி.பி.எம்.-க்கு மேல் குறையவில்லை என்றால் வேலை முடிந்தது. இதற்கு மூன்று நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம்.

போர்வெல் தண்ணீர் விட்ட குளமாக இருந்து அதில் இரும்புச் சத்து இருந்தால், இவ்வளவு குளோரின் போட்டதும் தண்ணீர் செம்பழுப்பாகிவிடும். பயப்பட வேண்டாம், அது துருதான்.

மயில்துத்தம் போட்டால் பாசி சாகும் என்பது பழைய பழக்கம். சாகும் என்பதும் உண்மை. ஆனால் செம்பு தண்ணீரிலேயே தங்கும். சுவரில் கறை பிடிக்கும், வெளுத்த தலைமயிரைப் பச்சையாக்கும். குளோரினைச் சரியாக வைத்தால் அதற்குத் தேவையே இல்லை.

தண்ணீர் தெளியும்வரை யாரையும் இறங்கவிடக் கூடாது. கிருமி மட்டும் காரணம் அல்ல. கலங்கிய தண்ணீரில் ஒரு குழந்தை அடியில் போனால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அடியில் உள்ள வடிகால் மூடி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. தெரியவில்லை என்றால், விருந்தாளிகள் வந்திருந்தாலும் கேட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் போய் மூன்று மாதம் இருந்தாலும் பம்பை நிறுத்தக் கூடாது. அசையாத தண்ணீர் கொசுவுக்குத் தொட்டில். கர்நாடக அரசு 2024-ல் டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்து, கொசு வளர இடம் கொடுக்கும் வீடுகளுக்கு அபராதமும் விதித்தது.

வெளியேற்றும் தண்ணீரும் கவனத்துக்குரியது. பெங்களூரில் 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றியபோது, நீச்சல் குளத்துக்குக் குடிநீர் உபயோகிக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. பக்கத்து வீட்டில் குடத்தோடு நிற்கும்போது குளத்துத் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் கெட்ட பெயர் தோட்டக்காரருக்குத்தான் வரும். குளோரின் போடுவதை நிறுத்தி, சில நாள் வெயிலில் விட்டு, பெட்டியில் அளந்து பார்த்துப் பூஜ்யம் வந்த பிறகு தண்ணீரை மரங்களுக்கு விடலாம். மழைநீர்க் கால்வாயில் மருந்தோடு விட்டால் அது போய்ச் சேரும் ஏரியில் மீன் செத்து மிதக்கும்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நல்லது. தேதி, குளோரின், பி.எச்., என்ன மருந்து எத்தனை கிராம், மழை உண்டா இல்லையா என்று தினம் ஒரு வரி. தமிழிலேயே எழுதலாம். மாதக் கடைசியில் "மூட்டை எங்கே போயிற்று?" என்று வீட்டுக்காரர் கேட்கும்போது, அந்த நோட்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடலாம்.